வகுப்பறைச் செயலாராய்ச்சிக்கு ஆசிரியர்களைப் பழக்குவது: முதல் கூட்டத்திலிருந்து அறிக்கை வரை

ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலைத் தானே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்து, பலன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செயலாராய்ச்சி. குமரி மாவட்டத்தில் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து அதைச் செய்யவைத்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்றுநர், தலைமையாசிரியர், பள்ளியில் நாலு பேருக்கு மூத்தவர் என யார் வேண்டுமானாலும் இந்த வரிசையில் நடத்தலாம். கூடச் செய்ய ஆள் இல்லாமல் தனியாகத் தொடங்கும் ஆசிரியர் 2ஆம் படியைத் தாண்டிவிட்டு மற்றவற்றைப் பின்பற்றலாம்.

புதிதாக வருகிறவர்கள் விழும் பள்ளம் பெரும்பாலும் ஒன்றுதான். தீர்வை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பிரச்சினையைத் தேடுகிறார்கள். "காணொலி வழியாகக் கற்பித்தல்" என்று தலைப்பு வந்துவிடும். எதைக் கற்பிக்க, யாருக்கு, அவர்களுக்கு இப்போது என்ன வரவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. கீழே உள்ள வரிசை சற்று மெதுவாக நகர்வதாகத் தோன்றினால், அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் போகத்தான் அப்படி வைத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு 80 பக்க நோட்டு, இந்த வேலைக்கென்றே. பாடக்குறிப்பேட்டிலேயே எழுதுகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். அதிகாரி பார்வையிடும் நோட்டில் யாரும் "இன்று பாடம் சொதப்பிவிட்டது" என்று எழுதமாட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த வரிதான்.

தலைமையாசிரியரின் ஒப்புதலை ஒரு பத்தியில் எழுதி வாங்குங்கள். நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே தாளாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பாதி வழியில் "யாரைக் கேட்டு இந்தப் பிள்ளைகளுக்குத் தனித் தேர்வு வைக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளைகளுக்குக் குறியீடு கொடுங்கள்: ப1, ப2, ப3 என்று. எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் நோட்டில் இருக்கக் கூடாது. தனித்தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். நோட்டு கைமாறும், கூட்டத்தில் நாலு பேர் புரட்டுவார்கள். ஒரு பிள்ளையின் தவறு ஊருக்குள் கதையாக ஆகிவிடக் கூடாது.

நேரம்: நாளுக்கு 20 நிமிடம், வாரத்தில் 4 நாள். இதற்கு மேல் கேட்டால் இரண்டாம் வாரமே ஆள் குறையும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டு, எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவும் செய்துகொண்டு, வாக்குச்சாவடி வேலைக்கும் போகிறார் என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

2. குழு: ஆறு முதல் எட்டுப் பேர், பக்கத்துப் பக்கத்துப் பள்ளி

எட்டுக்கு மேல் போனால் ஒவ்வொருவர் நோட்டையும் திறந்து பார்க்க நேரம் கிடைக்காது. கூட்டம் உரையாக மாறிவிடும். உரை கேட்டு யாருக்கும் இந்த வேலை கைவராது.

கூடும் இடத்தை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டத்து ஆசிரியர்களை மாதம் இருமுறை நாகர்கோவிலுக்கு இழுத்தால் மூன்றாம் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்களுக்கு மார்த்தாண்டம், கல்குளம் திருவட்டார் பக்கத்தவருக்குத் தக்கலை, தோவாளை அகஸ்தீஸ்வரத்தாருக்கு நாகர்கோவில் என்று வைத்தால் பள்ளி விட்டு வந்து உட்கார்ந்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம்.

இருவர் இருவராக இணை சேர்த்துவிடுங்கள். ஒரே பள்ளி என்றால் நல்லது. பிறகு வகுப்பைப் பார்வையிட இந்த இணைதான் வேண்டும். தலைமையாசிரியரையும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரையும் இணைக்க வேண்டாம். பார்வையிடல் ஆய்வாக மாறிவிடும்.

அறிக்கையைத் தேரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அந்த ஆண்டு என்ன வடிவத்தில் கேட்கிறார்கள் என்று நீங்கள் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் கையில் மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். படிவத்தைப் பார்த்த கையோடு கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். வகுப்பறையைப் பார்க்க வேண்டிய கண் படிவத்திலேயே நின்றுவிடும்.

3. நாள்காட்டியை முதலில் விரித்துப் போடுங்கள்

ஒரு சுற்று முடிய 10 முதல் 12 வாரம் பிடிக்கும். நிலையறிய 2 வாரம், பிள்ளைகளோடு பேசவும் திட்டமிடவும் 1 வாரம், மாற்றத்தை நடத்த 4 வாரம், உடனே ஒரு தேர்வு, மூன்று வாரம் கழித்து இன்னொரு தேர்வு. இந்த நீளத்துக்கு இடைவெளி எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கேள்வியையே யோசிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் ஜூன் கடைசியில் தொடங்கி காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிப்பது சரியாக வருகிறது. அது தவறினால் ஜனவரி முதல் வாரம் தொடங்குவது. அக்டோபர், நவம்பரை நம்பாதீர்கள்; தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது, மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, அடுத்து அரையாண்டுத் தேர்வு. சிவராத்திரிக்கும் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கும் உள்ளூர் விடுமுறை விட்டால், ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையில் தேர்வு வைக்காதீர்கள், பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

கடற்கரைப் பள்ளிகளுக்கு இன்னொன்று. மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகில் போகும் வீடுகளில் அப்பா வீட்டில் இருக்கும் இரண்டு மாதம் அது. ஆகஸ்டில் கடலுக்குப் போய்விடுவார். ஜூலையில் எடுத்த வருகை எண்ணையும் வீட்டுப்பாடக் கணக்கையும் செப்டம்பர் எண்ணோடு ஒப்பிட்டு "என் முறையால் கூடியது" என்றோ "குறைந்தது" என்றோ எழுதினால், வீட்டில் நடந்த மாற்றத்தையும் சேர்த்து உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவது. அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாள்காட்டி என்பதைக் குழுவில் பலகையில் எழுதியே வையுங்கள்.

மலையடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் வீடுகளுக்கும் இதுபோல ஒரு பருவம் உண்டு; மழை பிடித்தால் வெட்டு நிற்கும். தோவாளையில் பூக்கட்டும் வீடுகளில் ஓணம் சமயத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்து கட்டும். அந்தந்த ஊர் ஆசிரியருக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஆராய்ச்சி என்று வந்ததும் இதையெல்லாம் வெளியே வைத்துவிடுகிறார்கள்.

4. முதல் கூட்டம்: தீர்வைப் பற்றிப் பேச்சே கூடாது

ஒவ்வொருவரும் போன வாரத்தில் தன்னைத் தொந்தரவு செய்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். "பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை" என்பது நிகழ்ச்சியில் சேராது. "செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை, பத்தியை வாசிக்கச் சொன்னேன். நாலு பேர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு, நான் சொல்வதற்குப் பின்னால் சொன்னார்கள்" என்பது நிகழ்ச்சி. நாள், நேரம், எத்தனை பேர், என்ன செய்தார்கள் என்று நான்கும் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

இதற்குள் யாராவது "அதுக்கு மின்னட்டை வெச்சா சரியாயிடும் சார்" என்பார் (சொல்லையோ படத்தையோ சட்டென்று காட்டும் அட்டைதான் மின்னட்டை). நிறுத்துங்கள். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். திட்டமிடும் வாரத்தில் திறந்து பார்ப்போம்.

இந்த விதியை நான் கற்றது நானே கெடுத்ததால். தொடக்கக் காலத்தில் ஒரு குழுவின் முதல் கூட்டத்திலேயே, எடுத்துக்காட்டுக்காகத்தானே என்று, சொல் அட்டை விளையாட்டு ஒன்றை ஆர்வமாக விளக்கிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வந்த ஏழு பேரில் ஐந்து பேரின் தலைப்பு சொல் அட்டை. அதில் ஒருவர் கணக்கு ஆசிரியர்.

5. கேள்வியைச் சிறிதாக்குதல்

முதலில் வரும் தலைப்பு எப்போதும் பெரிதாக இருக்கும்: "மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்". எந்த வகுப்பு? ஐந்தாம் வகுப்பு. எந்தக் கணக்கு? கழித்தல். எந்தக் கழித்தல்? கடன் வாங்கிக் கழிப்பது. எல்லாக் கடனிலுமா தவறுகிறார்கள்? இங்கே ஆசிரியர் யோசிப்பார், நோட்டுகளைப் புரட்டுவார், "நடுவில் சுழியம் வந்தால்தான்" என்பார். இப்போது கேள்வி கிடைத்துவிட்டது: "நடுவில் சுழியம் உள்ள மூன்று இலக்க எண்ணிலிருந்து கழிக்கும்போது என் வகுப்பில் யார், எந்த இடத்தில் தவறுகிறார்கள்?"

இந்தக் கேள்வியில் 'எப்படி மேம்படுத்துவது' இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே.

கேள்வியை நான்கு இடத்தில் தட்டிப் பாருங்கள். ஆசிரியர் கைக்குள் இருக்கிறதா? அப்பா குடிப்பதும் அம்மா வெளிநாட்டில் வேலை பார்ப்பதும் பிள்ளையைப் பாதிக்கும்தான், ஆனால் அதை மாற்றுவது அவர் பாடவேளைக்குள் அடங்காது. நான்கு வாரத்தில் அசையக்கூடியதா? 'தன்னம்பிக்கை' அசையாது, அசைந்தாலும் நம்மால் அளக்க முடியாது. எண்ணவோ பார்க்கவோ முடியுமா? கடைசியாக, விடை ஆசிரியருக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால் அதை ஆராய வேண்டாம், நேராகச் செய்துவிடலாம்.

தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். "ர, ற மயக்கம்" என்பது பலருக்கும் பிடித்த தலைப்பு. பிள்ளை பேசும்போதே இரண்டும் ஒன்றாக ஒலிக்கிறதா, பேச்சில் பிரித்துச் சொல்லிவிட்டு எழுத்தில் மட்டும் மாற்றுகிறதா என்று முதலில் காதால் கேளுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் கலந்து பேசும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் எழுதுவதை 'பிழை' என்று எண்ணும் முன், வீட்டுச் சொல்லா, எழுத்துப் பிழையா என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

6. நிலையறிதல்: இரண்டு வாரம், இரண்டு தேர்வு

எல்லாரும் அவசரப்படும் இடம் இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான்.

பாடநூல் கடைசிப் பக்கக் கேள்விகளை எடுத்து வைத்தால் மதிப்பெண் கிடைக்கும், தகவல் கிடைக்காது. பத்துக் கணக்கு என்றால் அவற்றைப் படிப்படியாக அமையுங்கள். 586 − 243 போலக் கடனே இல்லாதவை 2. 352 − 127 போல ஒரு கடன் உள்ளவை 3. நூறிலிருந்து கடன் வருபவை 2. 402 − 178 போல நடுவில் சுழியம் உள்ளவை 3. இப்படி அமைத்தால் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தாளே சொல்லிவிடும். முதல் இரண்டே தவறு என்றால் பிரச்சினை சுழியத்தில் இல்லை. நீங்கள் வேறு கேள்விக்குப் போக வேண்டும்.

திருத்தும்போது சரி, தவறு என்று மட்டும் போடாதீர்கள். பிள்ளை எழுதிய விடையையே பட்டியலில் ஏற்றுங்கள். 402 − 178க்குச் சரியான விடை 224. ஒரு பிள்ளை 376 எழுதியிருக்கும். மேலே கீழே என்று பார்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 8இல் 2 போக 6, 7இல் 0 போக 7, 4இல் 1 போக 3. இன்னொரு பிள்ளை 234 எழுதியிருக்கும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து வாங்கியது, பத்தின் இடத்தை 10 ஆக்கியது, ஒன்றின் இடத்துக்கு ஒரு பத்தைக் கொடுத்த பிறகு அங்கே 9தான் மிச்சம் என்பதை விட்டுவிட்டது. மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் சுழியம். ஆனால் ஒருவருக்கு இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும், மற்றவருக்கு ஒரே ஒரு அடி காட்டினால் போதும். இவர்களை ஒரே 'மெல்லக் கற்போர்' குழுவில் உட்காரவைத்து ஒரே பயிற்சி கொடுத்தால், ஒருவருக்கு அலுக்கும், மற்றவருக்குப் புரியாது.

ஏன் இரண்டு தேர்வு? ஒரே நாள் தேர்வில் கடைசியாக வந்த எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்களில் இருவருக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். அடுத்த முறை தேர்வு வைத்தாலே, நீங்கள் ஒன்றும் செய்யாமலே, அந்த இருவரும் மேலே வருவார்கள். அந்த ஏற்றத்தை உங்கள் முறையின் வெற்றியாக எழுதிவிடுவீர்கள். ஒரு வாரம் விட்டு இரண்டு தேர்வு வைத்து, இரண்டிலும் ஒரே இடத்தில் தவறியவர்களை மட்டும் எடுங்கள்.

இரண்டாம் தேர்வில் அதே கணக்கு வேண்டாம், அதே அமைப்பு வேண்டும். 402 − 178க்குப் பதில் 503 − 267. பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிடுவார்கள், பக்கத்து நோட்டுக்குச் சொல்லியும் கொடுப்பார்கள். இப்படி நான்கு இணைத் தாள்களை முதலிலேயே தயாரித்து உறையில் போட்டுவிடுங்கள். பிறகு தயாரித்தால் நம்மை அறியாமலே கடைசித் தாள் எளிதாகிவிடும்.

இது கற்றலைப் பார்க்கத்தான், மதிப்பெண் வளரறி மதிப்பீட்டில் சேராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சேரும் என்று நினைத்தால் பார்த்து எழுதுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

தொடக்க வகுப்பு எடுப்பவர்கள், அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தைச் சொல்லி, "எண்ணும் எழுத்தும் வகைப்பாடு இருக்கிறதே, அரும்பு, மொட்டு, மலர், அது போதாதா?" என்று கேட்பார்கள். தொடங்க அது உதவும். பிள்ளை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும். அந்த மட்டத்தில் எதில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு மேலே சொன்ன தாள்தான் வேண்டும்.

7. பிள்ளையிடம் கேட்டுப் பார்ப்பது

தவறின் வகைக்கு ஒரு பிள்ளை, மொத்தம் நாலைந்து பேர். மதிய உணவு முடிந்து விளையாடப் போகும் முன் ஐந்து நிமிடம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "மக்கா, இத எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லிக்குடு பாப்போம்."

கடினமான பகுதி அதற்கடுத்து வருகிறது: ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை தவறாகச் சொல்லும்போது திருத்தாமல் இருப்பது எந்த ஆசிரியருக்கும் எளிதில் வராது. முதல் முறை கிட்டத்தட்ட எல்லாருமே பத்தாம் விநாடியில் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்கள். அதனால் கூட்டத்தில் ஒத்திகை பாருங்கள். ஒருவர் பிள்ளையாக நடித்துத் தவறாகவே சொல்லட்டும்; மற்றவர் "ம்", "அப்புறம்?" என்ற இரண்டு சொல்லோடு ஐந்து நிமிடம் ஓட்டட்டும். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஆனால் இந்தப் பழக்கம் வந்தவருக்கு மற்றதெல்லாம் தானாக வரும் என்பது என் கணிப்பு.

பிள்ளை சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். "சுழியத்துல ஒண்ணும் இல்ல, அதனால அதத் தாண்டிப் போயிட்டேன்" என்று பிள்ளை சொன்னதை, "இடமதிப்புக் கருத்தில் தெளிவின்மை" என்று மாற்றி எழுதினால் தகவல் செத்துப் போகும். சுழியத்தைத் தாண்டிக் குதிக்கிறது என்பதுதான் நமக்குத் துப்பு.

பேச்சுவாக்கில் வீட்டு விஷயம் வரலாம். அது நோட்டுக்குள் போகக் கூடாது. அடி, பசி, பயம் என்று ஏதாவது தெரிந்தால் ஆராய்ச்சியை மூடி வைத்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

8. ஒரே ஒரு மாற்றம்

இப்போது கடைசிப் பக்கத்தைப் பிரிக்கலாம். முதல் கூட்டத்தில் மடித்து வைத்த தீர்வைப் படித்துப் பார்த்துவிட்டுப் பலர் தாங்களே அடித்துவிடுவார்கள்.

402 − 178இல் சுழியத்தைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் பயன்படுத்தியது ஈர்க்குக் கட்டு. தென்னந்தோப்பு இல்லாத ஊர் இங்கே குறைவு. செலவு ரப்பர் வளையத்துக்கு மட்டும்தான். பத்து ஈர்க்கு ஒரு சிறு கட்டு, பத்துச் சிறு கட்டு ஒரு பெரிய கட்டு. 402 என்றால் நாலு பெரிய கட்டு, இரண்டு தனி ஈர்க்கு. எட்டு ஈர்க்கு கொடு என்றால் பிள்ளை கையில் இரண்டுதான் இருக்கிறது. சிறு கட்டு இல்லை. பெரிய கட்டைப் பிரித்தால் பத்துச் சிறு கட்டு வரும். அதில் ஒன்றைப் பிரித்தால்தான் தனி ஈர்க்கு. மிச்சம் ஒன்பது சிறு கட்டு கண் முன்னால் கிடக்கும். 234 எழுதிய பிள்ளைக்கு அந்த ஒன்பதைக் கையால் எண்ணுவதுதான் பாடம்.

ஈர்க்கோடு காணொலி, பயிற்சித்தாள், இணைக்கற்றல், பரிசு என்று எல்லாவற்றையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் நான்கு வாரம் கழித்து எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த ஆண்டு ஐந்தையும் செய்ய வேண்டியிருக்கும், செய்யமாட்டார்கள்.

சிலருக்கு மட்டும் புதிய முறையைக் கொடுத்து, ஒப்பிடுவதற்காக மற்றவர்களை வெறுமனே விடலாமா என்று பி.எட். படித்த ஞாபகத்தில் கேட்பார்கள். 24 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் அதற்குத் தேவையும் இல்லை, நியாயமும் இல்லை. அந்தந்தப் பிள்ளையின் முந்தைய இரண்டு தாள்தான் நமக்கு ஒப்பீடு.

9. அன்றன்றைக்கு ஐந்து வரி, வாரம் ஒருமுறை இன்னொரு கண்

நோட்டில் நாளுக்கு ஐந்து வரி: இன்று என்ன செய்தேன், எத்தனை நிமிடம், யார் வரவில்லை, எதிர்பாராமல் என்ன நடந்தது, நாளை என்ன மாற்றுவேன். அன்றே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதுக்கும் எழுதியது மை நிறத்திலேயே தெரிந்துவிடும்; திட்ட வேண்டாம், ஆனால் அந்த வாரத்தை அறிக்கையில் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யார் வரவில்லை என்பதை ஏன் தினமும் எழுத வேண்டும்? 16 நாள் நடந்த பயிற்சியில் 7 நாள் மட்டும் வந்த பிள்ளை முன்னேறவில்லை என்றால் அதற்கு ஈர்க்கு பொறுப்பாகாது.

வாரம் ஒரு பாடவேளை இணை ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்ன பார்ப்பது என்று முன்பே ஒன்றை மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: எடுத்துக்காட்டாக, ஆசிரியர் யார் யாரைக் கேள்வி கேட்டார் என்று இருக்கை வரைபடத்தில் கோடு போடுவது. பல ஆசிரியர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வலப்பக்க இரண்டாம் வரிசையைத் தாண்டித் தாங்கள் போனதே இல்லை என்று அறிந்தார்கள்.

பார்வையாளர் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். "ப7க்குக் கவனமில்லை" என்பது தீர்ப்பு. "ப7 மூன்று முறை ஜன்னல் பக்கம் பார்த்தான், ஈர்க்கைக் கையில் எடுக்கவில்லை" என்பது குறிப்பு. கண்ணாடி போடாத பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை என்பது இப்படிப்பட்ட குறிப்பிலிருந்துதான் ஒருமுறை வெளிவந்தது.

பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். தாளை, கையை, ஈர்க்கைப் படமெடுங்கள். வேலைக்கு அது போதும்.

10. கணக்குப் பார்ப்பது

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஆறு பிள்ளைகள், பத்துக்கு எடுத்த மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 3, 3, 4, 4, 5, 5. பிறகு 3, 3, 4, 8, 9, 9. சராசரி 4இலிருந்து 6க்கு ஏறிவிட்டது; அறிக்கையில் அழகாக இருக்கும். ஆனால் முதல் மூன்று பேர் ஒரு மதிப்பெண்கூட நகரவில்லை. ஆராய்ச்சியின் அடுத்த கேள்வி அந்த மூன்று பேரிடம்தான் இருக்கிறது, சராசரி அவர்களை மறைத்துவிட்டது.

ஆகவே பிள்ளைக்கு ஒரு வரிசை, தேர்வுக்கு ஒரு நெடுவரிசை என்று ஒரே பக்கத்தில் பட்டியல் போடச் சொல்லுங்கள்: முன் 1, முன் 2, உடனே, மூன்று வாரம் கழித்து, வந்த நாட்கள். பக்கத்தில் தவறின் வகை. கண்ணால் மேலும் கீழும் பார்த்தாலே பாதி விடை தெரியும்.

மூன்று வாரம் கழித்து வைக்கும் தேர்வை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உடனே வைத்த தேர்வில் எல்லாரும் நன்றாகத்தான் எழுதுவார்கள், நேற்றுவரை அதைத்தானே செய்தார்கள். நின்றதா, போனதா என்பது மூன்று வாரத்துக்குப் பிறகுதான் தெரியும்.

ஐந்து பேரில் மூன்று பேர் என்றால் அப்படியே எழுதுங்கள். "60 சதவீதம்" என்று எழுதினால் ஏதோ பெரிய கூட்டத்தைச் சொல்வது போல ஒலிக்கும். டி-சோதனை (இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட வேண்டுமா என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். இந்த அளவுள்ள வகுப்பில் அது ஆசிரியருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லாது. புள்ளியியல் தெரிந்தவர் போட்டுக்கொள்ளட்டும். தெரியாதவரை அதற்காக அழவைக்க வேண்டாம்.

11. இரண்டாம் சுற்று

நகராத பிள்ளைகளோடு மறுபடி 7ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். இம்முறை நிலையறியும் தாள் கையிலேயே இருக்கிறது, மூன்று வாரம் கழித்து வைக்கும் தேர்வு நீங்கலாக ஐந்து வாரத்தில் முடியும். முதல் சுற்றோடு நிறுத்துவதாக இருந்தால் அந்த ஆசிரியர் ஒரு முறையைச் சோதித்திருக்கிறார், அவ்வளவுதான். தன் வகுப்பைப் படிக்கும் பழக்கம் இரண்டாம் சுற்றில்தான் பிடிபடுகிறது. அதற்குள் நீங்கள் கூட்டத்தில் பேசுவது குறைந்து, அவர்கள் ஒருவர் நோட்டை ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தால், விலகி உட்காரலாம்.

12. அறிக்கை: ஆறு பக்கத்துக்குள்

இப்போது படிவத்தைக் கொடுங்கள். நோட்டு நிறைந்திருப்பதால் கட்டங்கள் தாமாக நிரம்பும்.

எழுதும் வரிசை: என் வகுப்பு, என்னைத் தொந்தரவு செய்த நிகழ்ச்சி, முதல் இரண்டு தேர்வில் கண்டது, பிள்ளைகள் சொன்னது, நான் மாற்றியது, பட்டியல், யாருக்கு உதவவில்லை, அடுத்து என்ன. 'யாருக்கு உதவவில்லை' என்ற பகுதி இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "100 சதவீத வெற்றி" என்று முடியும் அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒரு மாவட்டத்துக் கூட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு அறிக்கையில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு வந்ததையும் பார்த்திருக்கிறேன்; பிறர் முன்பு செய்த ஆய்வுகளைச் சொல்லும் முன்னாய்வுப் பகுதி அது, இணையத்திலிருந்து எடுத்தது. வடிவத்தில் அந்தப் பகுதி கட்டாயம் என்றால், ஆசிரியர் உண்மையில் படித்த இரண்டு மூன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதட்டும்.

பிள்ளைகளின் தாளைப் படமெடுத்துச் சேர்ப்பதாக இருந்தால் பெயர், பள்ளி முத்திரை இரண்டையும் மறைத்து எடுங்கள். சிறிய ஊரில் கையெழுத்தைப் பார்த்தே யார் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள், அதனால் ஒரு தாளுக்கு ஒரு கணக்கை மட்டும் வெட்டி ஒட்டுவது பாதுகாப்பு.

அறிக்கையை ஒப்படைத்த பிறகு, அந்த ஒற்றைப் பக்கப் பட்டியலின் நகலை ஏப்ரலில் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, எந்தப் பிள்ளைக்குச் சுழியம் இன்னும் தடுக்குகிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள். குறியீட்டுத் தாளைக் கிழித்துப் போடுங்கள். ஈர்க்குக் கட்டுகளை மட்டும் எறிய வேண்டாம். ரப்பர் வளையம் கோடையில் இளகி ஒட்டிக்கொள்ளும், சணலால் மாற்றிக் கட்டி வைத்தால் ஜூனில் அப்படியே எடுக்கலாம்.